கோடிக் கம்பம்

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற மருந்துக்கடையில் எனக்கு வேலை. வீடு இந்தக் கரையில். பாலம் கட்டுவதாகச் சொல்லிச் சொல்லி இரண்டு தலைமுறை அளந்துவிட்டுப் போயிருக்கிறது. அதனால் போக வரப் படகுதான். என் வாழ்நாளில் பாதியைப் படகில் உட்கார்ந்தே கழித்துவிட்டேன் என்று வீட்டில் குறைப்பட்டுக்கொள்வார்கள். பாதி என்பது அதிகம். ஆனால் ஒரு மனிதனுக்கு வேண்டிய வம்பு முழுவதும் எனக்கு அந்தப் படகுத்துறையில்தான் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன்.

கடலைத் தொடப்போகிற இடம் என்பதால் ஆறு அங்கே நன்றாக அகன்றிருக்கும். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் தண்ணீர் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியதும் சிடுசிடுக்கத் தொடங்கும். எல்லாம் துடுப்புப் படகுகள். மரப்பாலம் ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டிருக்கும். அதன் ஓரமாக வரிசையாகக் கம்பங்கள். கரையோரக் கம்பத்தில் நிற்கிற படகு ஆள் ஏற்றும். அது கிளம்பியதும் அடுத்தது முன்னால் வரும். திரும்பி வருகிற படகு போய்க் கடைசியில், ஆற்றைப் பார்த்த கோடிக் கம்பத்தில் கட்டிக்கொள்ளும். அந்தக் கோடியில் நிற்கிறவருக்குத் தன் முறை வர வெகுநேரம் ஆகும். தூங்குவார், கயிறு முறுக்குவார், பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பார், போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வார்.

நான் வழக்கமாகப் போவது நெட்டையின் படகில். ஆள் உயரம், பேச்சு குட்டை. அவர் மனைவி பாலத்தின் தலைப்பில் டீக்கடை போட்டிருந்தார். நான் அக்கா என்பேன். அவர் பேச்சு இருவருக்கும் சேர்த்துப் போதும். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் நெட்டையின் தங்கை. கோர்ட்டில் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்கிற வேலையில் இருந்தவர். கோர்ட்டு வேறு ஊருக்கு மாறியபோது கூடவே போக மனமில்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். துறையில் எல்லோருக்கும் அவர் கோர்ட்டம்மா. அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுவார், கொஞ்சம் கேலியும் கொஞ்சம் பெருமையுமாக.

பிரச்சினை ஆற்று ஆபீசிலிருந்து வந்தது. துறையில் சண்டை வராத வாரம் கிடையாது. சண்டை போட்ட இருவரும் ஆபீசுக்குப் போய், 'எங்கள் வழக்கம் இது' என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கேட்டுக் கேட்டு ஆபீசருக்கு அலுத்துவிட்டது. உங்கள் விதிகளையெல்லாம் திரட்டி, வகைபிரித்து, ஒரே புத்தகமாக எழுதிக் கொண்டுவாருங்கள், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் துறையை மோட்டார் படகுக் காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

டீக்கடை பெஞ்சில் அன்று உட்கார இடமில்லை.

"தெரிஞ்சத எதுக்கு எழுதணும்?" என்றார் நெட்டை.

"தெரிஞ்சதுன்னா முந்தாநாள் ரெண்டு பேரும் துடுப்பத் தூக்கிக்கிட்டு எதுக்கு நின்னீங்க?" என்றார் அக்கா. "அவரு திரும்பி வந்தாரு, நீங்களும் திரும்பி வந்தீங்க. யாரு முன்னால கட்டுறதுன்னு அரை நாள். அதுக்குள்ள டீயே ஆறிப்போச்சு."

அவர் என்று சொல்லப்பட்டவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முறைக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால், "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றுதான் தொடங்குவார். பிறர் படகில் காலை நீட்டிக்கூட உட்கார மாட்டார். மழையில் நனைந்தாலும் தன் முறைக்கு முன்னால் கூரைக்குள் வர மாட்டார்.

"ஆபீசர் சொல்றது சரி. முறைய எழுதி வச்சிட்டா அப்புறம் வாய்க்கு வேலையில்ல" என்றார் முறைக்காரர்.

"உங்களுக்கே அந்த நிலைமை வந்துட்டா நாங்கல்லாம் என்ன பண்றது?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. எல்லாத் தலையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கோர்ட்டம்மா பக்கம் திரும்பியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சட்டப் புத்தகம்னா சும்மா எழுதிக்கிட்டே போறதில்ல. ஒரு விஷயத்தப் பத்தி இருக்கிறதெல்லாம் ஒரே எடத்துல இருக்கணும். ஒண்ணுக்கொண்ணு இடிக்கக் கூடாது. புதுசா வர்றவன் எடுத்துப் படிச்சா வேற யாரையும் கேக்காமலே புரியணும்" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். எத்தனை வருடம் பிறர் எழுதியதைத் தட்டிக்கொண்டிருந்தவர். தானே ஒன்று எழுதப்போகிறோம் என்ற ஆசை அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்த மாதம் முழுவதும் நெட்டை வீட்டுச் சமையலறையில் நடக்க வழியில்லாமல் போயிற்று. கோர்ட்டம்மா அட்டைப்பெட்டிகளைக் கிழித்துத் துண்டுகளாக்கி, ஒரு துண்டுக்கு ஒரு விதி என்று எழுதித் தரையில் பரப்பி வைத்திருந்தார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே உருளைக்கிழங்கு, வெங்காயம், டம்ளர். எனக்கு இந்த மாதிரி வேலையில் ஒரு சபலம் உண்டு. மருந்துக்கடையில் எந்த மருந்தை எந்த இழுப்பறையில் போடுவது என்பதிலேயே என் இளமை போயிற்று. அதனால் வேலை முடிந்து வரும்போது அங்கே எட்டிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"முறை பத்தினது அடுப்புப் பக்கம். சரக்கு ஏத்துறது ஜன்னல் பக்கம். கயிறு, கம்பம் எல்லாம் அரிசி டின் பக்கத்துல" என்று கோர்ட்டம்மா விளக்குவார்.

"சரக்கு மேல கொதிக்கிற கொழம்பக் கொட்டிடப் போறேன். தம்பி, நீங்களாவது சொல்லுங்க. நான் குண்டாவத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ளயே ஆறு தாண்ட வேண்டியிருக்கு" என்பார் அக்கா. ஆனால் ஒரு துண்டைக்கூட அவர் மிதித்து நான் பார்த்ததில்லை. காய் நறுக்கும்போது எந்த வெங்காயத்தை எந்தத் துண்டின் மேலிருந்து எடுத்தாரோ, அதே இடத்தில் வேறொன்றை வைப்பார்.

படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. விதியைக் கேட்டால் யாரும் விதியைச் சொல்வதில்லை. சண்டையைத்தான் சொல்கிறார்கள்.

"படகுல வெங்காயம் உரிக்கக் கூடாது" என்றார் ஒருவர்.

"ஏன்?"

"எங்க சித்தப்பா படகுல ஒருத்தி உரிச்சா. அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணி. கம்பத்துல போய் இடிச்சிட்டாரு. அன்னையிலேருந்து கூடாது."

"அது உங்க சித்தப்பாவுக்கும் அவளுக்கும் நடந்த சண்டை. துறைக்கே விதியா?"

"நாங்க யாரும் அப்புறம் உரிக்க விட்டதில்லயே."

கோர்ட்டம்மா பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். கடைசியில், 'ஓட்டுபவர் கவனத்தைச் சிதைக்கும் எதையும் பயணி செய்யக் கூடாது' என்று எழுதினார். வெங்காயமும் அதற்குள் அடங்கிவிட்டது, விசில் அடிப்பதும் அடங்கிவிட்டது, படகுக்காரரிடம் பெண் கேட்பதும் அடங்கிவிட்டது. ஒரு வரியில் ஒரு கூடை சண்டையை அமுக்கிவிட்டதைப் பார்த்து எனக்கே கைதட்டத் தோன்றியது.

இன்னொரு நாள் ஆடு. ஏற்றலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். இரு தரப்பும் சத்தியம் செய்தார்கள். கோர்ட்டம்மா விடாமல் துருவித் துருவிக் கேட்டதில், காலையில் ஏற்றலாம், காற்று கிளம்பிய பிறகு கூடாது என்பதுதான் விஷயம் என்று வெளியே வந்தது. காலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும், மாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். முழு விதி யாரிடமும் இல்லை.

"பாத்தீங்களா சார், ரெண்டு துண்டும் சேர்ந்தாத்தான் ஒண்ணு" என்று என்னிடம் காட்டினார். அந்த இரவு அவருக்குத் தூக்கமே வந்திருக்காது, சந்தோஷத்தில்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி முறைதான். திரும்பி வருகிற படகுகள் கடைசியில் எந்த இடத்தில் கட்டுவது என்பதில்தான் துறையின் சண்டைகளில் முக்கால்வாசி. கோர்ட்டம்மா அதை ஒரே போடாகப் போட்டார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கம்பம். படகு எப்போது திரும்பினாலும் தன் கம்பத்தில் கட்டிக்கொள்ளும். முறை எண்படி சுற்றிச் சுற்றி வரும். கடைசி எண் போனதும் மறுபடியும் முதல் எண்.

"இனிமே கடைசின்னு யாரும் கெடையாது" என்று கூட்டத்தில் படித்துக் காட்டினார். "வட்டத்துக்கு ஏது கடைசி?"

நெட்டை தங்கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

பழைய தண்டனை ஒன்றையும் கோர்ட்டம்மா விடவில்லை. அடுத்தவர் படகையோ துடுப்பையோ கேட்காமல் எடுத்தால், எடுத்தவர் வீட்டுப் படகு மறுநாள் முழுவதும் கோடிக் கம்பத்தில் கட்டப்பட வேண்டும், மற்ற எல்லாரும் போன பிறகே ஆள் ஏற்ற வேண்டும். அந்தக் கம்பத்துக்கு எண் கிடையாது. முறை தவறித் தன் எண் கம்பத்தை விட்டுக் கிளம்புகிறவருக்கு அன்றைய முறைகள் போய்விடும் என்று இன்னொரு பிரிவு. முடிவில் ஆபீசர் கேட்டுக்கொண்டபடி இரண்டு வரி: இதில் இல்லாதது விதி ஆகாது. ஒரு வருடத்துக்கு இதில் எதையும் மாற்றக் கூடாது.

ஆபீசர் படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். துறை பிழைத்தது. அக்கா அன்று எல்லோருக்கும் சும்மாவே டீ கொடுத்தார்.

புதிய ஒழுங்கு எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்தது. யாரும் யாரையும் முறைத்துக்கொள்ளவில்லை. முறைக்காரருக்குப் பேச விஷயமே இல்லாமல் போய் அவர் மெலிந்துவிட்டதாக அக்கா சொன்னார். கோர்ட்டம்மா டிக்கெட் கூண்டில் உட்கார்ந்து எண்ணைக் கூப்பிடுவார். அந்த எண் படகு முன்னால் வரும். ஒரு மருந்துக்கடை இப்படி நடந்திருந்தால் நான் அதற்கு முதலாளியாகவே ஆகியிருப்பேன்.

அது ஒரு மதியம். எனக்குத் தலைவலி என்று முன்னதாகவே கிளம்பி, அக்கரையிலிருந்து நெட்டையின் படகில் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட ஒரு தையல்காரப் பெண், மடியில் மிஷினின் தலைப்பாகத்தை வைத்துக்கொண்டு. காற்று பலமாக இருந்தது. மேலே எங்கோ மழை பெய்து ஆற்றில் கட்டைகள் வந்துகொண்டிருந்தன. தண்ணீருக்குள் முழுகி வந்த ஒன்றை நெட்டை பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஒரு அடி. பலகை விரிந்து தண்ணீர் உள்ளே வந்தது.

நெட்டை சட்டையைக் கழற்றி இடுக்கில் திணித்தார். நான் தகர டப்பாவால் தண்ணீரை இறைத்தேன். தையல்காரப் பெண் மிஷினை விடவும் மாட்டாமல் பிடிக்கவும் மாட்டாமல், "ஐயா, இத என்ன பண்றது, இத என்ன பண்றது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நெட்டை துடுப்பை உயர்த்திக் கரையைப் பார்த்து ஆட்டினார்.

கரை அத்தனை தூரமில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது. மரப்பாலத்தின் ஓரம் வரிசையாகப் படகுகள், ஒவ்வொன்றும் தன் கம்பத்தில், ஒவ்வொன்றிலோ அதன் பக்கத்தில் பாலத்திலோ ஒரு ஆள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு படகும் அசையவில்லை. தண்ணீர் என் முட்டிக்கு வந்துவிட்டது. அந்த மனிதர்களையெல்லாம் எனக்கு எத்தனை வருடப் பழக்கம். அவர்கள் நிற்கிறதைப் பார்த்தபோது பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று.

அப்போது அக்கா ஓடி வந்தார். கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த முறைக்காரர் படகில் குதித்து, கயிற்றை அவிழ்த்து, பாலத்தில் நின்ற அவரை அங்கேயே விட்டுவிட்டுத் துடுப்பைப் போட்டார். அக்காவுக்குப் படகு ஓட்டத் தெரியாது. படகு நாலடி வந்து ஒரு சுற்று சுற்றியது, மறுபடி ஒரு சுற்று, காற்று அதைக் கடல் பக்கம் தள்ளத் தொடங்கியது. அதைப் பார்த்ததும்தான் துறைக்கு உயிர் வந்தது. நாலைந்து படகுகள் ஒரேயடியாகக் கிளம்பின. எங்களைக் காப்பாற்ற வந்தவரைக் காப்பாற்ற வந்தவர்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். தையல் மிஷினும் பிழைத்தது. நெட்டையின் படகை இழுத்து வந்து கரையில் கவிழ்த்துப் போட்டார்கள்.

கரை ஏறினோம். அக்காதான் கேட்டார். சத்தம் போடக்கூட இல்லை.

"ஏன்யா நின்னீங்க?"

"யாரு போறதுன்னு தெரியலக்கா" என்றார் ஒருவர். அழுதுவிடுவார் போல இருந்தது. "முன்னன்னா கோடியில நிக்கிறவன் போயிருப்பான். யாரும் சொல்ல வேணாம். அவன் முறை வர நேரமாகும், கோடியில நிக்கிறதால வெளிய போறதும் சுலுவு. இப்ப எல்லாரும் அவங்கவங்க கம்பத்துல நிக்கிறோம். நான் கயித்துல கைய வச்சேன். பக்கத்துல இவன் போறானோன்னு பாத்தேன். இவன் என்னப் பாக்குறான்."

"யாரு கடைசின்னு தெரியலம்மா" என்றார் இன்னொருவர், கோர்ட்டம்மாவைப் பார்த்து.

கோர்ட்டம்மா டிக்கெட் கூண்டின் வாசலில் நின்றிருந்தார். "இது எனக்கு ஏன் யாரும் சொல்லல?" என்றார்.

"இதப் போயி என்னன்னு சொல்றது? கடைசிப் படகு போகும், அவ்வளவுதான். இது விதின்னு எங்களுக்கே தெரியாது."

அக்கா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். "உன் பொஸ்தகத்துல எம்புருஷனுக்கு எந்தப் பிரிவு?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. அக்கா சமைப்பார், தட்டில் போட்டு வைப்பார், எதிரே உட்கார மாட்டார். கோர்ட்டம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. நெட்டை பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "கொழம்பு நல்லாருக்கு" என்று பொதுவாகச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில். புதுப் பலகை அடித்து, இடுக்கில் பஞ்சும் தாரும் அடைத்து, காயவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, மறுபடி அடைத்து. படகு கவிழ்ந்து கிடக்கிற வரை அந்த வீட்டில் டீக்கடை வருமானம் மட்டும்தான். கோர்ட்டம்மாவுக்கு அதுவும் சேர்ந்து உறுத்தியது.

இந்த நேரத்தில்தான் முறைக்காரர் கூண்டுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். தன்னைக் கேட்காமல் அக்கா தன் படகை எடுத்ததாக.

துறையே அவர்மேல் பாய்ந்தது. "மனுசனாய்யா நீ?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் அசையவில்லை. "அந்தம்மா பண்ணது தப்புன்னு நான் சொல்லல. அந்தம்மா பண்ணலன்னா இன்னைக்கு நாம எல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுருப்போம். ஆனா பொஸ்தகம் போட்டாச்சு. மொதத் தடவையே கண்ண மூடிக்கிட்டா அப்புறம் அது எதுக்கு? ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவீங்க? தொறை காண்ட்ராக்டருக்குப் போயிடும்" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் எல்லோருக்கும் இன்னும் கோபம் வந்தது.

புத்தகப்படி புகாரைக் கூட்டத்தில் வைத்து விசாரிக்க வேண்டும். டீக்கடை பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். கோர்ட்டம்மா புத்தகத்தைப் பிரித்தார்.

"அண்ணி, நீங்க கேக்காம எடுத்தீங்களா?"

"எடுத்தேன். கேட்டுக்கிட்டு நிக்க நேரமில்ல."

"மத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா எடுக்கலாம்னு இதுல நான் எழுதல. எழுதியிருக்கணும். எழுதாதது என் தப்பு. ஆனா எழுதாதத நான் இப்ப இருக்குன்னு சொல்ல முடியாது." கோர்ட்டம்மா மூக்கை உறிஞ்சினார். "குத்தம்தான். இந்த வீட்டுப் படகு தண்ணியில எறங்கின மறுநாள் முழுக்க கோடிக் கம்பத்துல நிக்கணும்."

எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அத்தனை நாளுக்குப் பிறகு நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு சோறு கூடப் போட்டு வளத்ததுக்கு எனக்கே தண்டனையா? சரி, கோர்ட்டம்மா. வந்து வெங்காயம் உரி" என்றார். கோர்ட்டம்மா உரித்தார். அழுததற்கு வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்.

படகு தண்ணீரில் இறங்கிய மறுநாள் நெட்டை கோடிக் கம்பத்தில் நின்றார். எல்லா எண்ணும் போய் வர, அவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மதியம் காற்று கிளம்பியது. நடு ஆற்றில் ஒரு படகின் துடுப்பு முறிந்து, படகு பக்கவாட்டில் இழுபடத் தொடங்கியது. நான் அப்போது டீக்கடையில்தான் இருந்தேன். யாரும் கத்துவதற்குள், யாரும் எழுந்திருப்பதற்குள், நெட்டை பாதித் தூரம் போயிருந்தார். கயிற்றை வீசி இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, மறுபடி போய்க் கோடியில் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து முறுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

கோர்ட்டம்மா மட்டும் கூண்டை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரையும் கேட்டேன் சார்" என்றார் என்னிடம். "ஒருத்தரையும் விடல. எல்லாரும் சண்டைய மட்டும்தான் சொன்னாங்க. சண்டையே வராத ஒண்ணு இருந்திருக்கு. அத எவனும் சொல்லல. எனக்கும் கேக்கத் தெரியல."

"இப்பச் சேத்துட வேண்டியதுதானே?"

"ஒரு வருஷத்துக்குத் தொடக் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன். ஆபீசுல கேட்டேன். தொட்டா முத்திரை செல்லாதாம். இதுல இல்லாதத நடத்தினாலும் செல்லாதாம்." அவர் கோடிக் கம்பத்தைப் பார்த்தார். "நாளைக்கு அண்ணன் எண் கம்பத்துக்குப் போயிடுவாரு. கோடி காலியாயிடும்."

டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "காலியாகாம இருக்க என்ன வேணும்?" என்றார்.

"யாராவது குத்தம் பண்ணணும்."

"அவ்வளவுதானே. பண்ணிட்டாப் போச்சு."

அன்று சாயங்காலமே அக்கா எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார். தினமும் ஒருவர், எண் வரிசைப்படி, அடுத்தவர் துடுப்பைக் கேட்காமல் எடுக்க வேண்டியது. உடனே திருப்பி வைத்துவிடலாம். கோர்ட்டம்மா பலகையில் எழுதிவிடுவார். மறுநாள் அவர் கோடியில். புத்தகத்தில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டாம்.

"வேணும்னே குத்தம் பண்றதா?" என்றார் முறைக்காரர். மனிதருக்கு மூச்சே நின்றுவிடும் போல.

"வேணும்னு பண்ணாத்தானேய்யா அது குத்தம். தெரியாம எடுத்தா அது மறதி" என்றார் அக்கா.

முறைக்காரர் கோர்ட்டம்மாவைப் பார்த்தார். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாப் பிரிவும் எழுதினபடியே நடக்குது. எதையும் மீறினதா எனக்குத் தெரியல. மீறினா, அதுக்கான தண்டனையும் நடக்குது" என்றார். சொல்லும்போதே அவர் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அப்படித்தான் எங்கள் துறை திருடர்கள் துறையாயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்துப் படகின் துடுப்பைத் தூக்கி, எல்லோருக்கும் காட்டிவிட்டு வைப்பார். சிலர் நாடகம் போலச் செய்வார்கள், பதுங்கிப் பதுங்கிப் போய். அக்கா, "ஐயோ திருடன்" என்று சலிப்பாகச் சொல்லிவிட்டு டீ ஆற்றுவார். கோடிக் கம்பம் ஒரு நாளும் காலியாக இருக்கவில்லை. காற்று நாட்களில் கோடிப் படகு எத்தனையோ தடவை போய் வந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நடுவில் ஆபீசர் ஒரு நாள் வந்தார். கூண்டில் தொங்கிய பலகையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"தினம் ஒரு குத்தமா?"

"ஆமா சார்" என்றார் கோர்ட்டம்மா.

"தினமும் தண்டனை குடுத்திருக்கீங்களா?"

"ஒண்ணுகூட விடல சார். வேணும்னா இன்னைக்கு நிக்கிறவரப் பாருங்க."

ஆபீசர் கோடிக் கம்பத்தைப் பார்த்தார். அங்கே நின்றவர் தலையைக் குனிந்து குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "மத்த தொறைங்கள்ல பொஸ்தகத்தப் போட்டு அது மேல டீ டம்ளர் வைக்கிறாங்க. இங்கதான் சட்டம் ஒழுங்கா நடக்குது" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் படகு கண்ணுக்கு மறைகிற வரை யாரும் சிரிக்கவில்லை.

எண் சுற்றி வந்து முறைக்காரரிடம் நின்றது. அன்று மாலை நான் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நெட்டையின் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கை துடுப்புப் பக்கம் போகும், திரும்பி வரும். சட்டையில் துடைத்துக்கொள்வார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"முடியலன்னா விடுங்க. உங்களுக்குப் பதிலா நான் இன்னொரு தடவ எடுக்கிறேன்" என்றார் நெட்டை. அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

"இல்ல. என் முறை இது" என்றார் முறைக்காரர். "பொறந்ததுலேருந்து அடுத்தவன் பொருளத் தொட்டதில்ல. அன்னைக்கி நான் பாலத்துமேல நின்னேன். என் படகு எங்கிட்டதான் இருந்துச்சு. நான் போயிருக்கலாம். என் எண் வரலியேன்னு நின்னேன். அந்தம்மா எடுத்துக்கிட்டுப் போச்சு." அவர் யாரையும் பார்க்கவில்லை. "அதுக்கு ஒரு புகாரும் குடுத்தேன்."

அக்கா டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். முறைக்காரர் குனிந்து நெட்டையின் துடுப்பைத் தூக்கினார். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூண்டின் பக்கம் திரும்பி, "எடுத்துட்டேன். எழுதிக்கோங்கம்மா" என்றார். கோர்ட்டம்மா எழுதினார். அக்கா அன்று மட்டும், "ஐயோ திருடன்" என்று சொல்லவில்லை. ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்போது முறைக்காரர் கோடிக் கம்பத்தில் இருந்தார். கயிற்றை முடிச்சுப் போடாமல் சும்மா ஒரு சுற்று மட்டும் சுற்றியிருந்தார். தூங்கவில்லை, பஞ்சு அடைக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் போட்டபடி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கோடி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பேச்சுக் குடுக்காதீங்க சார்" என்றார் அவர், திரும்பாமலே. "பாத்துக்கிட்டிருக்கேன்."